65 புரோட்டீன்களில் தொடங்கிய டேட்டாபேஸ்: மார்கரெட் டேஹாஃப்



டி.பி.எம்.எஸ். பேப்பர் எழுதின எல்லாருக்கும் பிரைமரி கீ, நார்மலைசேஷன், எஸ்.க்யூ.எல். எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஸ்டூடன்ட் டேபிள், எம்ப்ளாயி டேபிள் என்று போட்டுப் போட்டு கையே ஓய்ந்திருக்கும். இப்போ ஒரு சின்ன கேள்வி. ஸ்டூடன்ட் டேபிளுக்குப் பதிலாக, உலகத்தில் இருக்கும் புரோட்டீன்களுக்கு ஒரு டேபிள் போடச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

ஈஸிதானே என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனிதனின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகின்றன. இது ஒரு ரோவா, இரண்டு ரோவா? இரத்தத்தில் வேலை செய்யும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். ஆனால் செல்லுக்குள் அது முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாக உருவாகி, பிறகு வெட்டப்பட்டுத்தான் 51 ஆகிறது. எதைப் பதிவு செய்வது? ஒரே புரோட்டீனை இரண்டு ஆய்வகங்கள் படித்து, இரண்டு விதமான விடை வெளியிட்டால் யாரை நம்புவது? நாளைக்கு ஒன்று தப்பு என்று தெரிந்தால் யார் திருத்துவது? அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் டேட்டாபேஸ்களில் இன்றைக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும் பிரச்சினைகள் இவைதான். இதில் ஆச்சரியம் என்னவென்றால், இவை அனைத்தையும் 1960களிலேயே, துளையிட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் சந்தித்துவிட்டார். அவர் பெயர் மார்கரெட் ஓக்லி டேஹாஃப். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். இந்த இதழில் அவர் கதையைப் பார்ப்போம்.

கணக்கு, வேதியியல், துளையிட்ட அட்டை

மார்கரெட் 1925 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அப்பா சிறு வியாபாரி. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் முதல் மாணவி. ஸ்காலர்ஷிப்பில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1945ல் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

பிஹெச்.டி.க்கு கொலம்பியா பல்கலைக்கழகம். துறை, குவாண்டம் வேதியியல். பல வளையங்கள் சேர்ந்த கரிம மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடுவது அவர் எடுத்துக்கொண்ட வேலை. கையால் போட்டால் முடிகிற கணக்கு இல்லை. அப்போது நாம் நினைக்கிற மாதிரி கம்ப்யூட்டரும் கிடையாது. கம்பெனிகளில் கணக்கு வழக்குக்காகப் பயன்படுத்திய ஐ.பி.எம். அட்டை எந்திரங்கள்தான் இருந்தன. சம்பளப் பட்டியல் போடுகிற அந்த எந்திரத்தை வைத்து மார்கரெட் மூலக்கூறுகளைக் கணக்கிட்டார். 1948ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு எட்வர்ட் டேஹாஃப் என்ற இயற்பியலாளரைத் திருமணம் செய்துகொண்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு துறைக்காகச் செய்த கருவியை இன்னொரு துறையின் கேள்விக்குத் திருப்பிவிடுவது என்ற பழக்கம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிற்பாடு அவர் செய்த எல்லாமே இதன் தொடர்ச்சிதான்.

ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை. பிறகு குடும்பம் மேரிலாண்டுக்கு மாறியது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களை வளர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் முழுநேர ஆராய்ச்சியை விட்டு விலகியிருந்தார். இந்த இடைவெளி பின்னால் அவருக்கு எதிராகவே பேசப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அரசு நிதி கேட்டு விண்ணப்பித்தபோது, வேகமாக வளரும் துறையிலிருந்து இவர் சில காலம் விலகியிருந்தார் என்பதைக் காட்டி, தலைமை ஆய்வாளராக ஏற்கத் தயங்கினார்கள். இன்டர்வியூவில் "கேரியர் கேப்" பற்றிக் கேட்பது இன்றைக்கு வந்த வழக்கம் இல்லை, பார்த்தீர்களா?

கம்ப்யூட்டருக்கு ஒரு ஜிக்சா புதிர்

1960ல் அவர் வாழ்க்கை திரும்பியது. ராபர்ட் லெட்லி என்பவர் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற நிறுவனத்தை வாஷிங்டன் பகுதியில் தொடங்கியிருந்தார். மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது அதன் நோக்கம். மார்கரெட் அங்கே இணை இயக்குநராகச் சேர்ந்தார்.

அப்போது உயிரியலில் ஒரு பெரிய திருப்பம் நடந்திருந்தது. புரோட்டீன் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோத்த சங்கிலி. இன்சுலினின் வரிசையை முழுசாகப் படித்துக் காட்டியதற்காக ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரு புரோட்டீனைப் படிக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். சங்கிலியை அப்படியே நேராகப் படிக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைப் படித்து, பிறகு ஒட்ட வேண்டும்.

அது எப்படி? "திருவனந்தபுரம்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கத்தரியால் வெட்டினால் "புரம்", "திரு", "வனந்த" என்று மூன்று துண்டு, முன்பின் தெரியாமல் கிடைக்கிறது. இன்னொரு கத்தரி வேறு இடங்களில் வெட்டுகிறது. "ரம்", "னந்தபு", "திருவ". இப்போது "திருவ" என்ற துண்டைப் பார்த்தால் "திரு"வுக்கு அடுத்தது "வனந்த" என்று தெரிகிறது. "னந்தபு"வைப் பார்த்தால் அதற்கடுத்தது "புரம்" என்று தெரிகிறது. முடிந்தது வேலை. ஆனால் நூற்றுக்கணக்கான எழுத்தும், டஜன் கணக்கான துண்டும், நடுநடுவே படிக்க முடியாத இடமும் இருந்தால்? மனிதர்களுக்குத் தலை சுற்றும்.

லெட்லியும் மார்கரெட்டும் இதை ஐ.பி.எம். 7090 கம்ப்யூட்டரில், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார்கள். புரோகிராமின் பெயர் காம்ப்ரோட்டீன். 1962ல் ஒரு கம்ப்யூட்டர் மாநாட்டில் வெளியிட்டார்கள். இன்றைக்கு ஜீனோம் அசெம்ப்ளி என்று நீங்கள் படிப்பது இதே அடிப்படையில் பெரிதாக வளர்ந்ததுதான். கவனியுங்கள், அப்போது உலகத்திலேயே முழுதாகப் படிக்கப்பட்ட புரோட்டீன்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டேட்டா வருவதற்கு முன்பே அல்காரிதம் வந்துவிட்டது!

அட்லஸ்

டேட்டா கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜர்னலில், ஒவ்வொரு வடிவத்தில் இருந்தது. ஒருத்தர் படமாக வரைந்திருப்பார், இன்னொருத்தர் அட்டவணையாகப் போட்டிருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நூலகத்தில்தான் உட்கார வேண்டும்.

மார்கரெட்டும் ரிச்சர்ட் எக் உள்ளிட்ட அவர் குழுவினரும் ஜர்னல் ஜர்னலாகத் தேடி, கிடைத்த வரிசைகளையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, அட்டைகளில் துளையிட்டு, சரிபார்த்து, 1965ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். அதற்குப் புரோட்டீன் வரிசை மற்றும் அமைப்பு அட்லஸ் என்று பெயர். அதில் இருந்தது வெறும் 65 புரோட்டீன்கள்.

65 தானா என்று சிரித்துவிடாதீர்கள். அந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆய்வகத்தின் உழைப்பு இருக்கிறது. தவிர, சேர்ப்பது என்றால் சும்மா காப்பி அடிப்பது இல்லை. ஒரே புரோட்டீன் இரண்டு கட்டுரைகளில் வந்தால் ஒன்றாக்க வேண்டும். முரண்பட்டால் மூலக் கட்டுரைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும், ஆய்வாளருக்குக் கடிதம் போட வேண்டும். அச்சுப்பிழையா, அளவீட்டுப் பிழையா, உண்மையிலேயே வேறு புரோட்டீனா என்று முடிவெடுக்க வேண்டும். இதை இன்று க்யூரேஷன் என்கிறோம். டூப்ளிகேட் நீக்குவது, டேட்டா க்ளீனிங், புரோவனன்ஸ் என்று தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். அட்லஸ் குழுவுக்கு அது தினசரி வேலை.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற சுருக்கமும் வருகிறது. அதுவரை அமினோ அமிலங்களை மூன்று எழுத்தில் எழுதுவார்கள். நடுவில் ஒரு கோடு வேறு. ஆக ஒரு அமினோ அமிலத்துக்கு நாலு இடம். ஓர் அட்டையில் 80 இடங்கள்தான். அப்படியானால் ஓர் அட்டைக்கு 20 அமினோ அமிலம். ஒரே எழுத்தாக்கிவிட்டால்? 80! இடம் மிச்சமாவது மட்டுமில்லை, இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கண்ணாலேயே ஒப்பிடலாம். ஒரெழுத்துக் குறியீட்டை உருவாக்கிப் பரப்பியதில் மார்கரெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1968ல் சர்வதேச அமைப்பு அதை ஏற்று வெளியிட்டது. ஞாபகம் வைக்க வசதியாகவும் அமைத்திருக்கிறார்கள். ஃபினைல் அலனினுக்கு எஃப், ஒலி அப்படி. டிரிப்டோஃபேனுக்கு டபிள்யூ, ஏனென்றால் அதன் இரட்டை வளையம் மாதிரியே அந்த எழுத்தும் அகலமானது. லைசினுக்கு கே, எல்லுக்குப் பக்கத்து எழுத்து என்பதால். பயோடெக் நண்பர்களே, நீங்கள் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்த அந்த 20 எழுத்துகள் இப்படித்தான் வந்தன.

சமம் இல்லை, ஆனால் சொந்தம்

சேர்த்து வைத்தாயிற்று. அடுத்து தேட வேண்டுமே! இங்கே நம் எஸ்.க்யூ.எல். கைவிரித்துவிடும். வேர் கிளாஸில் சமக்குறி போட்டால் அச்சு அசலாக ஒத்துப்போவது மட்டும்தான் கிடைக்கும். உயிரியலாளர் கேட்பதோ வேறு கேள்வி. இந்தப் புரோட்டீனுக்குச் சொந்தக்காரர்கள் யார்? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, எழுத்துகள் மாறிப்போன உறவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. சில அமினோ அமிலங்கள் குணத்தில் நெருங்கியவை, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் புரோட்டீன் தாங்கிக்கொள்ளும். சிலவற்றை மாற்றினால் வேலையே நின்றுவிடும். எது எது எவ்வளவு மாறும் என்பதை ஊகிக்காமல், தன்னிடம் சேர்ந்திருந்த டேட்டாவிலிருந்தே எண்ணிப் பார்த்தார் மார்கரெட். நெருங்கிய உறவுள்ள 71 புரோட்டீன் குழுக்களில், பரிணாமம் ஏற்றுக்கொண்ட 1572 மாற்றங்களைக் குழு எண்ணியது. அதிலிருந்து வந்ததுதான் 1978ல் வெளியான பேம் மேட்ரிக்ஸ்.

கணக்கு பிடித்தவர்களுக்கு இது விருந்து. நூறு அமினோ அமிலத்துக்கு ஒரு மாற்றம் என்ற அளவு கால இடைவெளியை ஓர் அலகாக வைத்து ஒரு 20க்கு 20 மேட்ரிக்ஸ். அதிகத் தூரம் வேண்டுமா? அதையே திரும்பத் திரும்பப் பெருக்கு. 250 முறை பெருக்கினால் பேம் 250. அந்தத் தூரத்தில் சுமார் 20 சதவீத எழுத்துகள்தான் ஒத்திருக்கும், இருந்தாலும் உறவைப் பிடிக்கலாம். நம் மார்கோவ் செயினேதான்! அந்த அட்டவணையில் டிரிப்டோஃபேன் மாறாமல் இருந்தால் 17 மதிப்பெண், அது சிஸ்டீனாக மாறினால் மைனஸ் 8. அஸ்பார்டிக் அமிலம் குளூட்டாமிக் அமிலமாக மாறினால் பிளஸ் 3, ஏனென்றால் இரண்டும் ஒரே குணம். பின்னால் 1992ல் பிளோசம் மேட்ரிக்ஸ் வந்தது. இன்று பிளாஸ்ட் தேடலில் புரோட்டீனுக்கு அதுதான் வழக்கமாக இருக்கிறது. ஆனாலும் டேட்டாவிலிருந்தே மதிப்பெண் கற்பது என்ற வழியைப் போட்டது பேம்தான்.

இந்த ஒப்பீடுகளால் என்ன லாபம் என்று கேட்டால், ஒரு உதாரணம் போதும். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் ஜீன் சார்க். 1982ல் வினோனா பார்க்கரும் மார்கரெட்டும் அதன் புரோட்டீனை டேட்டாபேஸோடு ஒப்பிட்டார்கள். பாலூட்டிகளின் உடலில் இயல்பாக வேலை செய்யும் ஒரு கைனேஸ் என்சைமுக்கு அது சொந்தம் என்று தெரியவந்தது. சேர்த்து வைத்த வரிசைகளை ஒப்பிட்டதிலேயே ஒரு கண்டுபிடிப்பு கிடைத்துவிட்டது.

யாருடைய டேட்டா?

இவ்வளவு செய்தவருக்குப் பணமும் மரியாதையும் கொட்டியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. சோதனைச்சாலையில் உழைப்பதுதான் விஞ்ஞானம், அடுத்தவர் கண்டுபிடித்ததைத் தொகுப்பது நூலக வேலை என்று பல உயிரியலாளர்கள் எண்ணினார்கள். டேட்டாபேஸைப் பராமரிக்க நிதி கேட்டால், இதில் புது ஆராய்ச்சி எங்கே என்று கேள்வி வந்தது. எல்லாரும் பயன்படுத்துவார்கள், ஆனால் செலவுக்கு யாரும் இல்லை.

அதனால் அட்லஸ் விலைக்கு விற்கப்பட்டது. பிறகு காந்த நாடாவிலும் டேட்டா விற்கப்பட்டது. வாங்கியவர்கள் மற்றவர்களுக்குப் பகிர்வதில் கட்டுப்பாடு இருந்தது. குழுவைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி குறைவு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். தாங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படித்த வரிசையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று ஆய்வாளர்கள் முணுமுணுத்தார்கள். வெளியிடும் முன்பே டேட்டா கொடுங்கள் என்று கேட்டபோது பலர் தயங்கினார்கள். டேட்டாவை வைத்திருப்பவரே அதை ஆராய்ச்சியும் செய்தால், நம் கண்டுபிடிப்பு நமக்கு முன்பே அவருக்குக் கிடைத்துவிடுமே என்ற பயமும் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையா?

1970களின் கடைசியில் டி.என்.ஏ. வரிசைகள் வெள்ளமாக வரத் தொடங்கின. மார்கரெட்டின் குழு அதையும் சேர்த்தது. 1980 வாக்கில், தொலைபேசி இணைப்பு வழியாக வெளியூர் கம்ப்யூட்டரிலிருந்தே தேடும் வசதியையும் தந்தது. இன்டர்நெட் என்ற சொல்லே பரவாத காலத்தில் இது! அதே நேரம் அமெரிக்க அரசு ஒரு தேசிய டி.என்.ஏ. டேட்டாபேஸ் அமைக்க முடிவு செய்து போட்டி அறிவித்தது. அனுபவம், கருவி, ஆட்கள் எல்லாம் மார்கரெட் பக்கம்தான் இருந்தது.

1982ல் முடிவு வந்தது. ஒப்பந்தம் வால்டர் கோட் தலைமையிலான லாஸ் அலமாஸ் குழு இருந்த பக்கத்துக்குப் போனது. அதுதான் இன்றைய ஜென்பேங்க். லாஸ் அலமாஸ் பக்கம் டேட்டாவுக்கு உரிமை கொண்டாடவில்லை, நெட்வொர்க்கில் எல்லாருக்கும் திறந்து வைப்போம் என்றார்கள். வரலாற்றாளர்கள் முக்கியமாகச் சொல்லும் காரணம் இதுதான். இன்று நாம் யாரையும் கேட்காமல் டி.என்.ஏ. டேட்டா டவுன்லோடு செய்கிறோமே, அந்தச் சுதந்திரம் மார்கரெட் தோற்ற அந்தப் போட்டியோடும் சேர்ந்ததுதான். அவரைக் கொண்டாடும்போது இதை மறைக்கக் கூடாது.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. புரோட்டீன் டேட்டாபேஸை எல்லாருக்கும் பயன்படும் பொது வளமாக, நிலையான நிதியோடு நடத்துவதற்கான திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் 1983 பிப்ரவரி 5 அன்று மாரடைப்பால் இறந்துபோனார். 58 வயதுக்கு ஒரு மாதம் பாக்கி இருந்தது.

அவருக்குப் பிறகு

1984ல் அரசு நிதியோடு புரோட்டீன் தகவல் வளம் தொடங்கியது. லெட்லியும் பார்க்கரும் குழுவும் அதை எடுத்து நடத்தினார்கள். 2002ல் அது ஐரோப்பிய, சுவிஸ் நிறுவனங்களோடு கைகோத்து யூனிப்ராட் ஆனது. மார்கரெட் தலைவராக இருந்த பயோபிசிக்கல் சொசைட்டி, இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அவர் பெயரில் விருது கொடுக்கிறது.

65ல் தொடங்கியது இன்று பல கோடி வரிசைகளாகிவிட்டது. ஆனால் யூனிப்ராட்டில் நிபுணர்கள் கையால் சரிபார்த்த பகுதி சுமார் 5.7 லட்சம்தான். மிச்சமெல்லாம் புரோகிராம் பார்த்து, இது அதை மாதிரி இருக்கிறது, அதனால் அதே வேலைதான் செய்யும் என்று எழுதியது. ஒரு இடத்தில் தப்பு இருந்தால், அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று தப்பு பரவும். ஹார்டுடிஸ்க் வாங்குவது இங்கே பெரிய சவால் இல்லை. சரிபார்ப்பது, திருத்துவது, எங்கிருந்து வந்தது என்ற தடத்தைக் காப்பது, அதற்கு ஆண்டாண்டுக்கும் நிதி தேடுவது, இவைதான் சவால். அட்லஸ் காலத்திலும் இவைதான் இருந்தன. அளவுதான் மாறியிருக்கிறது.

மெஷின் லேர்னிங் புராஜெக்ட் செய்யும் நண்பர்கள் டேட்டாசெட்டை டவுன்லோடு செய்து, மாடலில் போட்டு, அக்யூரசி எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது வழக்கம். புரோட்டீனின் வடிவத்தை ஏ.ஐ. கணித்துவிட்டது என்று செய்தி வந்தால் கைதட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை. அந்த மாடல்கள் கற்றுக்கொண்டதே இப்படிப் பல பேர் பல ஆண்டுகள் உட்கார்ந்து சுத்தம் செய்து வைத்த டேட்டாவிலிருந்துதான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். யூனிப்ராட் தளத்தில் பி01308 என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மனித இன்சுலின் வரும். 110 எழுத்துகள், எங்கே வெட்டப்படும் என்ற குறிப்பு, எந்தக் கட்டுரையிலிருந்து எந்தத் தகவல் என்ற பட்டியல், இதுவரை எத்தனை தடவை திருத்தினார்கள் என்ற வரலாறு, எல்லாம் இருக்கும். அந்தத் திருத்த வரலாற்றைக் கொஞ்சம் கீழே வரை படித்துப் பாருங்கள். அடுத்த புராஜெக்டில் நீங்கள் ஒரு டேட்டாசெட் உருவாக்கும்போது, எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன திருத்தினீர்கள் என்று ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் ஜூனியர் அதைத்தான் முதலில் தேடுவார்.